பச்சைப்பயற்றை மருந்தாக்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு மளிகைக் கடையில், பருப்பு வகைகள் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் ஒரு இளம் தம்பதி ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள். பையன் ஒரு கையில் கைப்பேசி, இன்னொரு கையில் தோல் நீக்கிய பாசிப்பருப்புப் பொட்டலம் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். "அங்கிள், முழுசா இருக்கிற பச்சைப்பயறு வேணும், இதுல எது?" என்று என்னிடம் கேட்டார். ஒரு பொட்டலத்தில் மூங் தால் என்று இருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றில் கிரீன் கிராம், அதற்கும் கீழே சீன எழுத்துகளோடு இருந்த ஒன்றில் கிரீன் பீன். ஊரில் பீன்ஸ் என்றால் பொரியலுக்கு நறுக்குகிற காய்தானே. அதனால் அவர் அந்தப் பொட்டலத்தைத் தொடவே இல்லை, ஆனால் அவர் தேடி வந்ததே அதைத்தான்.

எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்ன தம்பி, சுண்டலுக்கா?" என்றேன். "இல்ல அங்கிள், இவங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கு. முளைகட்டித் தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடணும்னு ஊர்ல அம்மா சொல்றாங்க" என்றார். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எனக்கு அந்தப் பச்சை வாடையே ஆகாது அங்கிள், மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் முழுங்கணும்" என்றார்.

அந்தச் சுளித்த முகம் நாலு நாளாக என் மனதில் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். என் அம்மா சட்டியில் வறுக்கும்போது நாங்கள் அடுப்பங்கரையை விட்டு நகர மாட்டோம், அவ்வளவு வாசனையான ஒரு பயறு இன்று நம் பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்து விழுங்குகிற பொருளாகிவிட்டது. அது பயற்றின் குற்றம் இல்லை. சர்க்கரைக்கு நல்லது, எடை குறையும், முடி வளரும், ரத்தம் ஊறும் என்று நாம்தான் அதைச் சமையலறையிலிருந்து மருந்துப் பெட்டிக்கு மாற்றிவிட்டோம். பத்திரிகைகளின் சமையல் பக்கங்களும் பயறு என்றாலே சத்துக் கணக்கில்தான் தொடங்குகின்றன. ருசியைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நான் செம்பவாங்கில் வளர்ந்தவன். அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தளத்தில் வேலை செய்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் நிறையப் பேர் அந்தக் காலத்தில் சோங் பாங் கிராமத்தைச் சுற்றித்தான் இருந்தோம். 1971-ல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது எனக்கு ஒன்பது வயது. வேலை போனவர்களில் அப்பாவும் ஒருவர், அடுத்த வேலை கிடைக்க ஏழெட்டு மாதம் பிடித்தது. அந்த மாதங்களில் வீட்டில் கறியும் மீனும் குறைந்து பயறு கூடியது. ஆனால் நாங்கள் நாலு பிள்ளைகளும் அதை ஒரு குறையாக நினைத்த ஞாபகமே இல்லை. ஒரு நாள் கடைசல், ஒரு நாள் தேங்காய் போட்ட சுண்டல், ஒரு நாள் கஞ்சி, வெள்ளிக்கிழமை என்றால் வெல்லம் போட்ட பாயசம், எப்போதாவது மனசு வந்தால் சுழியம். பக்கத்து மலையாள வீட்டில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள பயற்றை வேகவைத்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் இடித்துப் போட்டுத் தேங்காய் எண்ணெயில் தாளிப்பார்கள். அந்த மணம் வேலி தாண்டி வந்தால் அம்மா ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பி அதில் கொஞ்சம் வாங்கிவரச் சொல்வார். எங்களுக்குக் கஷ்டகாலம் என்பது பெரியவர்களான பிறகுதான் தெரிந்தது.

சரி, அந்தப் பச்சை வாடை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு அம்மா வைத்திருந்த பதில் வறுப்பது. முழுப்பயற்றை ஊறவைக்காமல், எண்ணெய் விடாமல், இரும்புச் சட்டியில் மிதமான தீயில் வறுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், அங்கேதான் பொறுமை இல்லாதவர்கள் தீயைக் கூட்டிக் கருக்கிவிடுகிறார்கள். கிளறிக்கொண்டே இருந்தால் சட்டியில் பயறு உருளும் சத்தம் மாறும், கனமாகக் கேட்டது லேசாகிக் கலகலவென்று கேட்கத் தொடங்கும். அந்தப் பளபளப்பான பச்சை மங்கும், அங்கங்கே தோலில் தேன் நிறத்தில் புள்ளி விழும், ஒன்றிரண்டு பயறு பட்டென்று வெடிக்கும். அப்போது வருகிற வாசனையை எப்படிச் சொல்வது, மழை பெய்யப்போகிற மண் வாசனையும் வேர்க்கடலை வறுபடும் வாசனையும் கலந்தது போல் இருக்கும். அந்த நொடியில் இறக்கித் தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகும்.

கடைசல் என்பது கொங்கு நாட்டு வீடுகளில் சாதாரணச் சாப்பாடு, என் அம்மாவும் அந்தப் பக்கத்துக்காரர். ஒரு டம்ளர் வறுத்த பயற்றுக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர். அதில் ஏழெட்டுச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம், கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். குக்கரில் ஐந்து விசில். தக்காளியை இதோடு சேர்க்காதீர்கள், புளியையும் சேர்க்காதீர்கள். புளிப்பு இருந்தால் பயற்றின் தோல் சீக்கிரம் இளகாது, எவ்வளவு விசில் விட்டாலும் உள்ளே கடக்கென்று நிற்கும். நிறையப் பேர் உப்பின் மேல் பழி போடுகிறார்கள், உப்பால் அவ்வளவு பாதகம் இல்லை, புளிப்புதான் காரணம். தக்காளியைத் தனியாக வதக்கி, பயறு வெந்த பிறகு சேர்த்து, உப்புப் போட்டு மத்தால் கடைய வேண்டும். மிக்சியில் அடிக்கவே கூடாது. மிக்சியில் அடித்தால் கூழாகிவிடும். மத்தால் கடைந்தால் பாதி மசிந்து பாதி முழுசாக நிற்கும், அந்தப் பாதிதான் வாயில் அகப்பட வேண்டும். கடைசியில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, சூடான சோற்றில் குழி பண்ணி ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம் போதும். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிற எவருக்கும் எட்டு மணிக்குள் முடிகிற சமையல் இது. ஊறவைக்க மறந்துவிட்டோமே என்ற கவலையும் இல்லை. கொண்டைக்கடலையையோ ராஜ்மாவையோ இப்படிச் செய்ய முடியாது.

என் மனைவி மருத்துவமனையில் தாதியாக மாறுநேர வேலை பார்த்தவர். அதனால் முப்பது வருஷமாக வாரத்தில் பாதி நாள் இரவுச் சமையல் என்னுடையது. நான் முதலில் கற்றுக்கொண்டதும், இன்றுவரை அலுக்காததும் இந்தக் கடைசல்தான்.

இதில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் ஈசூன் புளோக்கில் ஒரே மாடியில் நாலு வீடு தள்ளி ஒரு சீன ஆண்ட்டி, எதிர் முனையில் ஒரு மலாய்க் குடும்பம். மூன்று வீட்டிலும் இதே பயறு, மூன்று வீட்டிலும் இது இனிப்பாகக் கொதிக்கும். ஆண்ட்டி செய்வது தண்ணீராக இருக்கும், முழுப்பயறு, கற்கண்டு, வாசனைக்கு முடிச்சுப் போட்ட பாண்டான் இலை, சில நாள் கொஞ்சம் ஜவ்வரிசி. ஹொக்கியனில் லெக் தாவ் தங் என்பார்கள். வெயில் கொளுத்துகிற ஏப்ரல், மே மாதங்களில் பெரிய பாத்திரத்தில் வைத்து, ஆறிய பிறகு குளிர்பெட்டியில் வைத்துக் குடிப்பார், உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பது அவர் நம்பிக்கை. என் பாட்டியும் பயறு குளிர்ச்சி என்று வார்த்தைக்கு வார்த்தை அதையே சொல்வார், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மலாய் வீட்டில் புபுர் காச்சாங் ஹிஜாவ். பயறு நன்றாகக் குழைந்து, தேங்காய்ப்பால், குலா மலாக்கா, தட்டிய இஞ்சி, அதே பாண்டான் இலை. நோன்பு மாதத்தில் மாலையில் எங்களுக்கு ஒரு டப்பா வந்துவிடும், டுரியான் பருவமாக இருந்தால் அதில் டுரியான் சுளையும் கிடக்கும். நாங்கள் செய்வது வெல்லம், தேங்காய்ப்பால், ஏலக்காய், சுக்கு. குலா மலாக்கா என்பது தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லம்தான், அதைப் பாயசத்தில் போட்டுப் பாருங்கள், நம் கருப்பட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான் இப்போது பாயசத்துக்குப் பாண்டான் இலையும் ஒன்று போடுகிறேன், அம்மா இருந்திருந்தால் முதலில் திட்டிவிட்டு அப்புறம் இரண்டாவது கிண்ணம் கேட்டிருப்பார்.

தோல் நீக்கி உடைத்த பருப்பில் சீனர்கள் செய்யும் தாவ் சுவான் இன்னொரு அருமை. உணவங்காடி நிலையத்தில் காலையில் கிடைக்கும். பருப்பு குழையாமல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மஞ்சளாக நிற்கும், மாவு கரைத்து விட்ட கெட்டியான பாகில் மிதக்கும், மேலே எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியான யூ தியாவின் மொறுமொறு துண்டுகள். பருப்பைக் குழையவிடாமல் ஆவியில் வேகவைப்பதுதான் அதில் சூட்சுமம், அதை நான் நம் கோசுமல்லிக்குக் கடன் வாங்கிக்கொண்டேன். தங் ஹூன் என்று நாம் சூப்பில் போடுகிற கண்ணாடி மாதிரியான சேமியாவும் இந்தப் பயற்றின் மாவில் செய்ததுதான், அது நம் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அங் கூ குவே என்ற சிவப்பு ஆமைக் கொழுக்கட்டைக்குள் இருக்கும் மஞ்சள் பூரணமும் பெரும்பாலும் இதுவே. இந்தியாவில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்ட ஒரு தானியம் சீனா வரை போய், அங்கிருந்து இன்னொரு உருவத்தில் இங்கே நம் பக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் முஸ்லிம் சகோதரர்களின் நோன்புக் கஞ்சியையும் சொல்ல வேண்டும். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ல் சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறதே, அங்கே வேலை செய்த ஒரு நண்பர் மூலமாகத்தான் எனக்கு முதல் கிண்ணம் கிடைத்தது. கஞ்சியில் அரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைந்து, இஞ்சி பூண்டும் பட்டையும் மணந்துகொண்டிருந்தது. பகல் முழுக்க வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு வயிற்றை உறுத்தாமல் இறங்குகிற உணவு. பருப்பு வகைகளில் பாசிப்பருப்பு வயிற்றுக்கு லேசு என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. வாயு உண்டாக்குகிற சர்க்கரைகள் எல்லாப் பயற்றிலும் உண்டு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டும்போதும் முளைகட்டும்போதும் அவை குறைகின்றன. குழந்தைக்கு முதல் முதலாகச் சோறு ஊட்டும்போது நாம் குழைத்துக் கொடுப்பதும் பாசிப்பருப்புதானே.

முளைகட்டுவது பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் சூடு பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் முளைகட்டி டப்பாவில் அடைத்து விற்றதை வாங்கிவந்தேன். மூடியைத் திறந்ததும் லேசாகப் புளித்த வாடை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே நானும் என் மகளும் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் அன்று ராத்திரியே வயிற்றுப்போக்கு, மகள் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. முளை விடுவதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமிகளுக்கும் பிடித்தமானவை. விதையிலேயே கிருமி ஒட்டியிருந்தால் ஒரே நாளில் பெருகிவிடும், மேலோட்டமாகக் கழுவினால் போகாது. 2011-ல் ஜெர்மனியில் ஈ கோலி கிருமியால் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்களே, அதற்குக் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது வெந்தய முளைதான். முளைகட்டுவதை விட்டுவிடச் சொல்லவில்லை, வீட்டிலேயே கட்டுங்கள், ஆவியில் வேகவைத்தோ வாணலியில் வதக்கியோ சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம். தேக்காவில் பார்த்த அந்தப் பெண்ணுக்கும் இதையே சொன்னேன். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதை விட்டுவிட்டுப் பயற்றை நம்பக் கூடாது என்றும் சொன்னேன். பயற்றில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சை மாதிரிப் புளிப்பான ஏதாவது கூட இருந்தால் நல்லது, சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் கெட்டது.

இந்த ஊர் வெப்பத்தில் முளைகட்டுவது ஊரை விடச் சீக்கிரம் ஆகும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, வடிகட்டியில் வைத்து மூடினால் அன்று இரவே வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். மறுநாள் காலைக்குள் அரை அங்குல நீளம் வந்துவிடும், அதற்கு மேல் விட வேண்டாம், இனிப்புப் போய் நார் தட்டும். நடுவில் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி முழுக்க வடியவிடுவது ரொம்ப முக்கியம். தண்ணீர் தேங்கினால் வழவழவென்று ஆகி நாறும், இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிக் கெடும். ஒரு டம்ளர் பயறு கிட்டத்தட்ட மூன்று டம்ளராகப் பெருகும். சிலது கல் மாதிரியே கிடக்கும், அதைக் கல்பயறு என்போம். அதன் தோலில் தண்ணீர் இறங்காது, அதனால் ஊறுவதும் இல்லை, முளைப்பதும் இல்லை, வேகவும் செய்யாது. பழைய சரக்கில் இது அதிகம். தட்டில் பரப்பிப் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள், கடித்தால் பல் போய்விடும்.

மீ ரெபுஸ், லக்சா என்ற நூடுல்ஸ் வகைகளில் கிடக்கும் தௌகே இதே பயற்றின் முளைதான். இருட்டில் நாலைந்து நாள் தண்ணீர் தெளித்து வளர்ப்பதால் நீளமாக, வெளுப்பாக இருக்கிறது. இங்கேயே உள்ளூர்ப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். நாம் வீட்டில் கட்டுவது அரை அங்குல முளை, அதில் பயறு பயறாகவே இருக்கும். இரண்டுக்கும் ருசி வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. கொஞ்சம் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, முளைப்பயற்றைப் போட்டு இரண்டு கை தண்ணீர் தெளித்து மூடி ஐந்தாறு நிமிடம் வைத்து, தேங்காய்த் துருவலும் பொடியாக நறுக்கிய மாங்காயும் சேர்த்தால், மூக்கைப் பிடித்து விழுங்க வேண்டிய அவசியமே வராது.

இன்னொரு தொல்லை வண்டு. இந்த ஈரக்காற்றில் பயறு வாங்கி அலமாரியில் வைத்தால் இரண்டே மாதத்தில் ஒவ்வொரு பயற்றிலும் குண்டூசி அளவு ஓட்டை. அந்த வண்டு வெளியிலிருந்து வருவதில்லை, வயலிலோ கிடங்கிலோ முட்டை ஒட்டிக்கொண்டு பயற்றோடு சேர்ந்தே வருகிறது. காய்ந்த மிளகாய் போட்டு வைப்போம் நாங்கள், அது ஓரளவுதான். வாங்கிய உடனே பொட்டலத்தோடு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுத்து, பிறகு ஈரம் போனதும் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள், முட்டையும் புழுவும் செத்துவிடும். இதை எனக்குச் சொன்னது எங்கள் சீன ஆண்ட்டி.

சத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தைப் போட மாட்டீர்களோ என்னவோ, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகாத பயறு 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 24 கிராம், நார்ச்சத்து 16 கிராம். வெந்த பிறகு தண்ணீர் சேர்வதால் 100 கிராமுக்கு ஏழு கிராம் புரதம்தான். சிலர் முதல் கணக்கை மட்டும் சொல்லி ஆட்டுக்கறிக்குச் சமம் என்கிறார்கள், அது சரியில்லை. சோற்றோடு சேரும்போது ஒன்றில் குறைவதை மற்றது நிரப்புகிறது, அதனால்தான் பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் ஜோடி சேர்ந்திருக்கின்றன. 2016-ல் இங்கே சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்ததிலிருந்து நம் சமூகத்தில் எல்லோருக்கும் இது பேச்சாகிவிட்டது. எனக்கும் சர்க்கரை உண்டு, பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். பயறு மெதுவாகச் செரிப்பதால் எனக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் சிறுநீரகம் பாதித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடக் கூடாது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, மீதியை மருத்துவர்கள் எழுதட்டும்.

என் பேத்திக்கு எட்டு வயது. மகள் அவளிடம் "சாப்பிடு, உடம்புக்கு நல்லது" என்று பயற்றைக் கொடுத்தபோதெல்லாம் தட்டு அப்படியே திரும்பி வந்தது. போன டிசம்பர் விடுமுறையில் நான் ஒன்றும் சொல்லாமல் ஆந்திரா பக்கத்துப் பெசரட்டு சுட்டேன். ஒரு டம்ளர் முழுப்பயறும் ஒரு பிடி அரிசியும் ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்துக் கொஞ்சம் கரகரப்பாக அரைத்தால் போதும், புளிக்கவைக்க வேண்டாம், அரைத்த உடனே சுடலாம். அவளுக்கு மிளகாயைக் குறைத்துக்கொண்டேன். கல்லில் மாவு விழுந்ததும் பச்சையாகப் பரவி, ஓரம் பொன்னிறமாகிச் சுருண்டு எழும்பியதை நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்தாள். முதல் தோசை ஓரத்தை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டாள், இரண்டாவதை முழுசாக. இப்போது வீட்டுக்கு வந்தாலே "தாத்தா, பச்சைத் தோசை" என்கிறாள். அதில் என்ன சத்து இருக்கிறது என்று இதுவரை அவளுக்கு நான் சொல்லவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் ஞாயிறு இதழில் ஒரு சின்ன இடம் ஒதுக்குங்கள், கால் பக்கம் போதும். வாரம் ஒரு வாசகர் தன் வீட்டுப் பயறுச் சமையலை, தன் வீட்டுப் பேச்சிலேயே எழுதட்டும். தஞ்சாவூர்க்காரர் கூட்டும் பாயசமும் எழுதட்டும், யாழ்ப்பாணத்தவர்கள் பயத்தம் பணியாரம் எழுதட்டும், நாகூர்ப் பக்கத்தவர்கள் கஞ்சிக்கு அளவு சொல்லட்டும், வீட்டில் இந்தோனேசியப் பணிப்பெண்ணிடம் புபுர் கற்றுக்கொண்டவர்கள் அதையும் எழுதட்டும். கிராம் கணக்கோடு டம்ளர் கணக்கும் போடுங்கள், நம் வீடுகளில் தராசு இருப்பதில்லை. கூடவே ஒரு தடவை பெயர்களை எல்லாம் சேர்த்து ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்: பச்சைப்பயறு, பாசிப்பயறு இரண்டும் ஒன்றுதான், பாசிப்பருப்பு, பயத்தம்பருப்பு, சிறுபருப்பு மூன்றும் அதன் தோல் நீக்கி உடைத்தது, கடையில் மூங் என்றும் கிரீன் பீன் என்றும் காச்சாங் ஹிஜாவ் என்றும் இருப்பதும் இதே என்று. அதைக் கத்தரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புதிதாக வந்த பிள்ளைகள் தேக்காவுக்குப் போகட்டும். பிப்ரவரி 10-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகப் பயறு நாளாக 2019 முதல் கொண்டாடுகிறது, தொடங்குவதற்கு அது நல்ல நாள். நவராத்திரி வரை தள்ளிப்போட வேண்டாம், அப்புறம் மறுபடியும் சுண்டலோடு நின்றுவிடும்.

நீங்கள் சரி என்றால் முதல் வாரத்துக்கு என் அம்மாவின் சுழியத்தை நான் எழுதி அனுப்புகிறேன். பூரணம் எண்ணெயில் பிரியாமல் இருக்க அவர் என்ன செய்தார் என்பதை என் அக்காவிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அரிசியும் உளுந்தும் அரைத்த மேல்மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்